'சமமான அணுகல்' என்னும் பிழை

காரைக்குடியில் நடந்த ஒரு மருத்துவ முகாமின் துண்டறிக்கையில் அந்தத் தொடரை மறுபடியும் பார்த்தேன்: 'பால்புதுமையினருக்குச் சுகாதாரச் சேவைகளில் சமமான அணுகல்.' பால்புதுமையினர் என்றால் திருநர், தன்பாலீர்ப்பாளர் முதலியோர். ஆங்கிலத்தின் 'ஈக்விட்டபிள் ஆக்சஸ்' தமிழில் இப்படி ஆகியிருக்கிறது. இனியும் பொறுப்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் ஈக்விட்டி, ஈக்வாலிட்டி என இரண்டு சொற்கள். இரண்டுக்கும் வேர் இலத்தீன் 'ஈக்வஸ்'. மட்டமானது, நியாயமானது என்று பொருள். பின்னர் வழி பிரிந்தன. எல்லோருக்கும் ஒரே அளவு என்பது ஈக்வாலிட்டி. அவரவர் நிலைக்குத் தக்கது என்பது ஈக்விட்டி. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் 'சமம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

மருத்துவமனையில் சீட்டு வாங்க ஆண் வரிசை, பெண் வரிசை என்று இரண்டு இருக்கின்றன. எல்லோருக்கும் அதே விதி, அதுதான் சமம். பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் ஒரு திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவைப்பட்டால் எந்த வரிசையில் நிற்பார்? என் தோழி ஒருவர் திருநங்கை. காய்ச்சலோடு ஒரு மருத்துவமனைக்குப் போனவரை, அட்டையில் இருந்த பழைய பெயரைச் சொல்லிக் கூடத்தின் நடுவே உரக்கக் கூப்பிட்டார்கள். மருந்து வாங்காமலே திரும்பிவிட்டார். பிழை செய்ததாக அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநருக்கு மருத்துவமனைகளில் உரிய சிகிச்சை கிடைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, அவர்களுக்கெனத் தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்கள் ஆகியவற்றைச் சொல்கிறது. சட்டமே தனித் தேவையைத் தனியாகப் பார்க்கும்போது 'சமமான' என்று எழுதுவது அதன் உயிரையே எடுத்துவிடுகிறது.

'அணுகல்' இன்னும் மோசம். அணுகுவது நோயாளியின் வேலை. கிடைக்கச் செய்வது அரசின் வேலை. பொறுப்பு யாருடையது என்பதையே அந்தச் சொல் மாற்றி வைக்கிறது. 'கிடைக்க வேண்டும்' என்ற எளிய வினை இருக்கும்போது பெயர்ச்சொல்லை அடுக்கினால்தான் அறிக்கை என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

ஈக்விட்டிக்கு நம்மிடம் ஒப்புரவு என்ற சொல் இருக்கிறது. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 'ஒத்தது அறிவான் உயிர்வாழ்வான்' என்கிறார் வள்ளுவர். ஒத்தது என்றால் பொருந்துவது, தக்கது. ஊருணியும் மருந்து மரமும் அதே அதிகாரத்தில்தான் வருகின்றன. செட்டிநாட்டில் பிறந்த எவருக்கும் ஊருணியை விளக்க வேண்டியதில்லை. ஊர் உண்ணும் நீர் அது. சாதியின் பெயரால் சிலரைப் படித்துறைக்கு வெளியே நிறுத்திய வரலாறும் நம் ஊருணிகளுக்கு உண்டு. நீர் நிறைந்துதான் இருந்தது. அவர்கள் குடத்தில் விழவில்லை. இன்றைய மருத்துவமனையின் நிலையும் இதுதான்.

கிறித்தவர்கள் ஒப்புரவு என்பதை நல்லுறவாக்கம் என்ற பொருளில் வழங்குகிறார்களே, குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு சொல் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்வது தமிழுக்குப் புதிதல்ல; 'திங்கள்' நிலவும்தான், கிழமையும்தான். 'சமநீதி' என்று எழுதலாமே என்றார் இன்னொருவர். அதிலும் 'சம' ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு நீதிமன்றத்தின் வாடையும் சேர்கிறது. காய்ச்சலில் நிற்பவருக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, மருந்து.

அந்தத் துண்டறிக்கையை என்னிடம் கொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'பால்புதுமையினருக்கு ஒப்புரவோடு மருத்துவம் கிடைக்க வேண்டும்.'