காலிங் கார்டில் பணம் எங்கே இருந்தது?

வாட்ஸ்அப் வருவதற்கு முன், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் பேசப் பெரும்பாலும் காலிங் கார்டுதான், அதாவது முன்பணம் கட்டிப் பேசும் அட்டைதான், வாங்குவார்கள். இங்கே பிஎஸ்என்எல்லும் அப்படி ஒரு கார்டு விற்றது. வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் ரகசிய எண். அதைக் குறித்துக்கொண்டு அட்டையைக் கிழித்துப் போட்டாலும் நஷ்டமில்லை. பாக்கித்தொகை நிறுவனத்தின் சர்வரில் இருந்தது.

ஆபத்தும் அதில்தான்: எண் தெரிந்த யாரும் அந்தப் பணத்தில் பேசலாம். நிறுவனத்தின் எண்ணைக் கூப்பிட்டு, குரல் கேட்டதும் ரகசிய எண்ணை அழுத்துகிறோம். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கும்: 1 என்றால் 697, 1209 ஹெர்ட்ஸ், 5 என்றால் 770, 1336. பேச்சு போகும் அதே கம்பியில், ரகசியமும் வெறும் ஒலியாகவே போகிறது. அதைப் பதிவு செய்தவர் சாதாரண மென்பொருளை வைத்தே எண்களைப் பிரித்துவிடலாம். லாட்ஜ்களில் அறை போன்களை வெளி இணைப்போடு சேர்க்கும் சில இபிஏபிஎக்ஸ் கருவிகள், இணைப்பு கிடைத்த பிறகு அழுத்தியதையும் பில் பதிவில் எழுதி வைக்கும். எஸ்டிடி பூத்திலோ, பின்னால் நிற்பவருக்குக் கண் இருந்தாலே போதும்.

சரி, எதையும் பார்க்காமல் ஊகிக்க முடியுமா? 10 இலக்கம் என்றால் 1000 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திருடனுக்கு உங்கள் கார்டுதான் வேண்டும் என்பதில்லை, யாருடையதாவது கிடைத்தால் சரி. 10 லட்சம் கார்டுகள் புழக்கத்தில் இருந்தால் சராசரியாக 10,000 முயற்சிக்கு ஒன்று மாட்டும். முயற்சிக்கு அரை நிமிடம் என்றாலும், மோடம் வைத்து, தானே போன் செய்யும் கணினிக்கு நான்கு நாள் வேலை. 8 இலக்கம் என்றால் நூறே முயற்சி! எண்களை வரிசையாக அச்சடித்திருந்தால் இந்தக் கணக்கும் தேவையில்லை, ஒரு கார்டு வாங்கினால் பக்கத்துக் கார்டும் கையில். மூன்று முறை தவறினால் இணைப்பைத் துண்டிப்பது பெரிய தடையில்லை, மறுபடி கூப்பிட்டால் ஆயிற்று. எந்த போனிலிருந்து தவறுகள் வருகின்றன என்று பார்த்துத் தடுக்க வேண்டும்.

எனக்குச் சுவாரசியமான ஓட்டை வேறு. ஒரே எண்ணை வைத்து இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பேசுவது. பேசி முடித்த பிறகுதான் பணம் கழிப்பார்கள் என்றால், இருவருக்கும் அதே 100 ரூபாயை சர்வர் காட்டும். முதல் அழைப்பு தொடங்கியதுமே எண்ணைப் பூட்டிவிடுவதுதான் வழி.

வங்கியின் கால் சென்டரில் கார்டு எண்ணை அழுத்தச் சொன்னால் இன்றும் அதே இரட்டைச் சுருதிதான். அதனால் சில இடங்களில் அந்த ஒலியை மறைத்து, எந்தப் பொத்தானுக்கும் ஒரே மாதிரியான 'பீப்'பை மட்டும் ஊழியரின் காதுக்கு அனுப்புகிறார்கள்.