ஏழு நாளில் ‘கலர்’ தரும் டப்பா

மலேசியாவில் சுங்கை சிப்புட் போலத் தோட்டம் சூழ்ந்த ஊர்களில், மருந்தகத்துக்கு வரும், பள்ளியில் படிவம் 4, படிவம் 5 படிக்கும் பிள்ளைகள் ‘வெள்ளையாக்குற கிரீம்’ என்று வாய்விட்டுக் கேட்பது குறைவு. கைப்பேசியை நீட்டி, “இந்த அக்கா போடுறது இருக்கா?” என்பார்கள். பையன்கள் ‘பருவுக்கு’ என்பார்கள். தேவை என்னவோ அதேதான்.

அந்த அக்கா ரிங் லைட் முன்னால், தோலை மெழுகும் ஃபில்டரோடு பேசுகிறவர். பல கைப்பேசிகளின் செல்ஃபி கேமராவிலும் இதே மெழுகல் சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். தன் முகத்தையே அப்படிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் குளியலறைக் கண்ணாடிமேல்தான் சந்தேகம் வரும். கைப்பேசி அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் அதை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பின் கேமராவால் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டது. நம் கல்யாண வீடுகளில் ‘பொண்ணு நல்ல கலர்’ இன்னும் போகவில்லை.

மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் பிடிக்கும். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால், டப்பாவில் மருந்தோ நஞ்சோ இருக்கிறதென்று சந்தேகப்படுங்கள். அப்படிக் கலக்கப்படும் பாதரசம் நிறமி உருவாவதைத் தடுக்கும். உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரில் நுரை, காலையில் இமை வீக்கம், மாலையில் கால் வீக்கம் என்று தெரியவரும். அதன் ஆவி, கிரீமைத் தொடாத கைக்குழந்தையையும் பாதிக்கும். அழகுப் பொருளில் அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்தில் 1 பங்குதான்.

அதிகம் ஏமாற்றுவது பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. முதல் சில வாரம் பரு அடங்கும், முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரியும். அம்மா பார்த்துத் திட்டி டப்பாவைப் பிடுங்கியதும் முகம் எரிந்து, சிவந்து, பரு முன்னைவிட மோசமாக வெடிக்கும். கிரீம் போட்டால் உடனே தணியும். “அதை விட்டதாலதான் இப்படி” என்று பிள்ளை மறுபடி வாங்குவது இங்கேதான். மாதக்கணக்கில் பூசியிருந்தால் டப்பாவோடு அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். எப்படி நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும். தேவைப்பட்டால் தோல் மருத்துவருக்குக் கடிதம் கொடுப்பார். பிடுங்குவதோடு விடாதீர்கள்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் நேரலையிலும் விற்கும் ‘பகல், இரவு’ ஜோடி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, என்-ஓ-டி எழுத்துகளில் தொடங்கி கே-யில் முடியும் அறிவிப்பு எண் மூன்றும் வேண்டும். எண்ணை, மருந்து, அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் தட்டினால் வரும் பெயர், டப்பாவில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். வேறு பொருளின் எண்ணைத் திருடி ஒட்டுவதும் உண்டு. எண் சரியாக இருந்தாலும் அது சோதித்துப் பார்த்த சான்றிதழ் அல்ல, நிறுவனம் கொடுத்த அறிவிப்பு மட்டுமே. பின்னர் சோதனையில் பிடிபட்டால் ரத்தாகும். பட்டியலில் ‘கலோமெல்’ என்றோ, ‘தங்கம், வெள்ளி, ரப்பர் மேல் படக்கூடாது’ என்ற எச்சரிக்கையோ இருந்தால் பாதரசமாக இருக்கலாம். தங்கத்துக்கே ஆகாததைக் கன்னத்தில் பூசுவானேன்?

பாதரசச் சந்தேகமுள்ள டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள், சிங்கிலும் கழுவி ஊற்றாதீர்கள். மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, மருத்துவரிடம் காட்ட எடுத்துப் போங்கள். தலையணை உறை, துண்டு இரண்டையும் மற்ற துணியோடு சேர்க்காமல் துவையுங்கள்.