இரவு பத்து மணிக்கு மதுரைக்குக் கார் எடுக்கும் முன்

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 460 கிலோமீட்டர். வானில் நேர்கோடு போட்டால் 420தான். காரில் ஏழரை மணி நேரம் என்கிறது செல்போன் மேப். விமானம் பறப்பது ஒன்றேகால் மணி நேரம்; மீனம்பாக்கம் போய்ச் சேர்வது, செக்-இன், அந்தப் பக்கம் மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியிலிருந்து ஊருக்குள் வருவது எல்லாம் கூட்டினால் நாலு, நாலரை மணி. "மூணு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க அவ்வளவு காசா? ராத்திரி கிளம்பினா விடியறப்ப ஊர்ல இருக்கலாமே டாக்டர்" என்பார்கள். அந்த ஏழரை மணி நேரக் கணக்கில் ஓட்டுகிறவரின் தூக்கம் சேரவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் விடியற்காலையில் வரும் விபத்துகளில் ஒரு வகை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஓரமாக நின்ற லாரியின் பின்னால் கார் மோதியிருக்கும். பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை என்பார்கள் தூக்கி வந்தவர்கள். ஓட்டியவரைக் கேட்டால், "தூங்கவே இல்ல சார், முழிச்சுதான் இருந்தேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. களைத்த மூளை சில நொடிகள் அப்படியே அணைந்து போகும். கண் திறந்திருக்கும்போதேகூட இது நடக்கும், நடந்ததே நினைவிருக்காது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி என்றால், கார் 110 மீட்டர் தானாக ஓடியிருக்கிறது.

காலை ஆறு மணிக்கு எழுந்து, ஆபீஸ் முடித்து, இரவு பத்துக்கு வண்டி எடுப்பவர் செங்கல்பட்டைத் தாண்டும்போதே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருக்கு எப்படியோ அப்படித்தான் இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் சட்டம் அனுமதிப்பது 30. உடம்பு தூக்கத்துக்கு அதிகம் ஏங்கும் நேரம் இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை. அப்போது நீங்கள் பெரம்பலூர் தாண்டி, திருச்சி, துவரங்குறிச்சி, மேலூர் என்று போய்க்கொண்டிருப்பீர்கள். காலியான நேர்ச்சாலை வேறு.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எதுவும் தூக்கத்தை விரட்டாது. டீ, காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலோ, கடந்து வந்த டோல்கேட் நினைவில் இல்லை என்றாலோ, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். எழுந்த உடனே ஓட்டாமல் கொஞ்சம் நடந்துவிட்டு எடுங்கள். அதுவும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

வாடகைக் கார் என்றால், "பகல்ல எங்கேண்ணே ஓட்டினீங்க, தூங்கினீங்களா?" என்று ஏறும் முன்பே டிரைவரிடம் கேளுங்கள். சவாரி போய்விடுமே என்று தலையாட்டுபவர்களும் உண்டு. சிவந்த கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு அதிகம் பயம் தருவது சாவுச் செய்தி கேட்டுக் கிளம்புபவர்கள். அழுத கண்ணோடு, சாப்பிடாமல், சொந்தக் காரைத் தானே எடுப்பார்கள். அன்றைக்கு நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். தூங்கி எழுந்த ஒருவர் ஓட்டட்டும்; அப்படி யாரும் இல்லையென்றால் ரயிலையோ காலை விமானத்தையோ பாருங்கள். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், பெற்ற பிள்ளை வராமல் எடுத்துவிட மாட்டார்கள்.