கோப்பு மூடப்படும் நாளில் ஒருவர் தெருவுக்கு வருகிறார்

வீடு இழந்தவர்கள் திடீரென்று தெருவுக்கு வந்துவிடுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளராக, நோயாளிகளை அனுப்பிவைக்கும் ஏற்பாடுகளைக் கவனித்துவரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் சந்திக்கும் பலர் தெருவுக்கு வரப்போகும் தேதி, ஏதோவொரு அரசு அலுவலகத்தின் பதிவேட்டில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் தேதி. சிறையில் விடுதலைத் தேதி. குழந்தைகள் இல்லத்தில் 18 வயது நிறையும் நாள். நீதிமன்றத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவின் கெடு. தேதி தெரிந்த அலுவலகத்திடம் வீடு இல்லை. வீடு தரக்கூடிய அலுவலகத்துக்குத் தேதி தெரிவதில்லை.

நீரிழிவால் காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்துவிட்டுக் கட்டோடு படுத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் இருந்த நாட்களில் வாடகை கட்ட முடியாமல் அறையை இழந்துவிட்டார். புண் ஆறத் தொடங்கிவிட்டது, இனி படுக்கை தேவையில்லை என்று மருத்துவர் எழுதுகிறார். அது சரிதான், அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் இன்னொருவர் காத்திருக்கிறார். வீட்டு வசதி அலுவலகத்தைக் கேட்டால், அவர் இப்போது ஒரு கூரையின் கீழ்தானே இருக்கிறார், எங்கள் பட்டியலில் சேர்க்க முடியாது என்கிறார்கள். விதிப்படி அதுவும் சரி. உதவித்தொகை அலுவலகம் முகவரிச் சான்று கேட்கிறது. இரவுக் காப்பகமோ, கட்டு மாற்ற எங்களிடம் ஆள் இல்லை, நடமாட முடியாதவரைச் சேர்ப்பதற்கில்லை என்கிறது. எல்லோரும் தத்தம் விதிப்படியே நடந்திருக்கிறார்கள். அவர் மட்டும் வாசலில் நிற்கிறார். இன்சுலினைக் கெடாமல் வைத்துக்கொள்ள இடமில்லை. கட்டு நனையாமல் காக்க வழியில்லை. இப்படிப் போனவர் மறுபடி வரும்போது பிரச்சினை விரலோடு நிற்பதில்லை. கால் போகிறது.

இதில் யாரையும் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். நல்ல மனம் படைத்த அதிகாரிகள் எத்தனையோ பேரைத் தெரியும். தங்கள் சொந்தத் தொலைபேசியில் பத்து இடங்களுக்குப் பேசி ஓர் இடம் பிடித்துக் கொடுப்பார்கள். அவர்கள் மாற்றலாகிப் போனதும் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: ஒருவரின் கோப்பை ஒரு துறை மூடுவதற்கு முன், இன்னொரு துறை அவருக்கான கோப்பைத் திறந்திருக்க வேண்டும். அதை விதியாக எழுதிவைக்க வேண்டும்.

இப்படி ஒரு விதியை எழுதிய நாடு இங்கிலாந்து. 2017இல் நிறைவேறி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடற்ற நிலைக் குறைப்புச் சட்டம், இன்னும் 56 நாட்களுக்குள் வீடிழக்கக்கூடியவருக்கு அப்போதே உதவத் தொடங்க வேண்டும் என்று உள்ளாட்சி மன்றங்களைக் கட்டாயப்படுத்தியது. அதற்கு முன் அந்தக் காலம் 28 நாட்களாக இருந்தது. 2018 அக்டோபர் முதல் சிறைகள், நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, வேலைவாய்ப்பு மையங்கள், சமூக சேவைத் துறைகள், மருத்துவமனைகள், அவற்றின் அவசரப் பிரிவுகள் ஆகியவற்றுக்கு ஒரு கடமை வந்தது: தங்களிடம் இருப்பவர் வீடிழக்கக்கூடும் என்று தோன்றினால், அவருடைய சம்மதத்தோடு உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காவல்துறை அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. தெருவில் படுத்திருப்பவரை இரவில் முதலில் பார்ப்பது பெரும்பாலும் காவலர்தான் என்பதால், எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

சட்டம் எவ்வளவு நுணுக்கமாக யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அதே நாட்டிலிருந்து இன்னொன்று. வெள்ளிக்கிழமை மாலை சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு என்ன நேரும்? வீட்டு அலுவலகம், உதவித்தொகை அலுவலகம், மருந்து கொடுக்கும் மையம் எல்லாம் மூடும் நேரம். திங்கள்கிழமை வரை அவருக்கு யாரும் இல்லை. 2023இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த ஒரு சிறு சட்டம், வெள்ளிக்கிழமை விடுதலை ஆகவேண்டியவர்களை இரண்டு வேலைநாட்கள் வரை முன்னதாக அனுப்ப இடம் தந்தது. வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் டிஸ்சார்ஜ் எழுதும் மருத்துவமனைகளும் இதே வழியைப் பின்பற்றலாம்.

இனி ஒருங்கிணைப்புக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல நோக்கங்கள் கரைந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். துறைக்கு ஒருவர் வருகிறார். ஒவ்வொருவரும் தங்கள் துறை என்ன செய்தது என்று அறிக்கை வாசிக்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் தேதி குறிக்கப்படுகிறது. அந்த ஊரில் நேற்றிரவு வெளியே படுத்த ஒரே ஒருவரின் பெயர்கூட அந்த அறையில் உச்சரிக்கப்படவில்லை. உருப்படியான கூட்டம் பெயர்ப்பட்டியலோடு தொடங்கும். இவர் பெயர் இது, இப்போது இருக்கும் இடம் இது, வெளியேறும் தேதி இது, தடையாக இருப்பது இது, அதை நீக்கப் பொறுப்பேற்றவர் இவர். அடுத்த வாரம் அதே பட்டியலை எடுத்து, பொறுப்பேற்றவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே வருபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும், சிறு தொகை செலவழிக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். முன்பணம் கட்டவோ, நின்றுபோன ஒரு மாத வாடகையை அடைக்கவோ பணம் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினால், அனுமதி வருவதற்குள் வீடு போய்விடும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் ஏறத்தாழ இப்படித்தான் செய்தது. தனித்தனியே இயங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளும் அரசுத் துறைகளும் ஒரே பதிவுமுறைக்கு வந்தன. யார் எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பட்டியலில் பதிவு. வீடு காலியானால் அந்தப் பட்டியலின் வரிசைப்படி ஒதுக்கீடு. 2011க்குப் பிறகு ஹூஸ்டன் பகுதியில் வீடற்றோர் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

பொதுப் பட்டியல் என்றதும் எனக்குள் ஓர் அச்சமும் எழுகிறது. நோயாளி என்னிடம் சொன்ன மனநோய் விவரம் காவல் நிலையத்தின் கணினியில் தெரியலாமா? கணவனின் அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண்ணின் தற்போதைய முகவரி எத்தனை பேர் கண்ணில் படலாம்? ஒரு முறை நம்பிக்கை உடைந்தால் அவர் மறுபடி எந்த அலுவலகத்துக்கும் வரமாட்டார். வீடு ஒதுக்கத் தேவையான விவரம் மட்டும் பகிரப்பட வேண்டும். யார் பார்த்தார்கள் என்பது பதிவாக வேண்டும். சம்மதத்தைப் படித்துக் காட்டி வாங்க வேண்டும். பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காக அவர்கள் கண்ணில் படாத இடங்களில் ஒதுங்குகிறார்கள், தெரிந்தவர் வீடுகளில் நாலு நாள், பத்து நாள் என்று மாறி மாறித் தங்குகிறார்கள். இரவில் தெருவில் தலை எண்ணும் கணக்கெடுப்பு அவர்களைத் தவறவிடுகிறது. மகப்பேறு வார்டும் பள்ளியும் பேச்சில் சேராவிட்டால் அவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். வீட்டுக்குச் செலவழிக்கும் துறை ஒன்று. அதனால் மிச்சம் பிடிக்கும் துறைகள் வேறு. நியூயார்க்கில் கடும் மனநோயோடு வீடின்றி இருந்த 4,679 பேரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியான ஆய்வு, வீடு கிடைப்பதற்கு முன் காப்பகம், மருத்துவமனை, சிறை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 டாலர் செலவானதைக் காட்டியது. ஆதரவுச் சேவையோடு வீடு கொடுத்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் குறைந்தது. அந்த மிச்சம் வீடு கொடுத்த துறையின் கணக்கில் வரவில்லை. அதனால்தான் நிதித்துறை அதிகாரி ஒருவர் இந்தக் கூட்டங்களில் உட்கார வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மிச்சமான தொகையை மறுபடி வீட்டுப் பக்கம் திருப்பும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் எவ்வளவு நேர்த்தியாகத் துறைகளை இணைத்தாலும், கொடுக்க வீடு வேண்டும். இங்கிலாந்தில் மேலே சொன்ன சட்டம் இருந்தும், 2023இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. பின்லாந்து வேறு வழியில் போனது. 2008இல் மத்திய அரசும் பெரிய நகரங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எத்தனை வீடுகள், யார் எவ்வளவு செலவு என்று எழுதிக் கையெழுத்திட்டன. வரிசையாகக் கட்டில் போட்ட பழைய விடுதிகள், வாடகை ஒப்பந்தத்தோடு தனிக்கதவு கொண்ட குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. குடியை விட்டுவிட்டு வா, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வா என்ற நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு. மற்றவை அதன் பிறகு. 1987இல் 18,000க்கு மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023இல் 3,500க்கும் கீழே வந்தது. வாடகை உதவித்தொகை குறைக்கப்பட்ட 2024இல் அது மறுபடி ஏறியது. ஒரு துறையின் வெட்டு இன்னொரு துறையின் பல ஆண்டு உழைப்பைத் தின்கிறது.

சாவியைக் கொடுத்த அன்றே கோப்பை மூடுவதும் ஆபத்துதான். காப்பகத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு முதல் ஒன்பது மாதங்கள் அவர்களை அறிந்த ஒரே பணியாளர் துணைநின்ற முறையை நியூயார்க்கில் சோதித்தார்கள். 1997இல் வெளியான முடிவின்படி, 18 மாதங்களில் அவர்கள் வீடின்றிக் கழித்த இரவுகள் சராசரியாக 30. வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களுக்கு 91. புது இடம், தனிமை, முதல் மின்கட்டணம், பக்கத்து வீட்டாரோடு முதல் சண்டை: இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் வீடு மறுபடி கைநழுவுகிறது.

உங்கள் குடும்பத்திலோ தெரிந்தவர்களிலோ ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார், அவருக்குத் திரும்பிப் போக இடம் உறுதியில்லை என்றால், டிஸ்சார்ஜ் வரை காத்திருக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே சமூகப் பணியாளரைக் கேட்டுச் சந்தியுங்கள். போக இடமில்லை என்பதை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதப்படாததற்கு எந்தத் துறையும் பதில் சொல்லாது. வாடகை வீடு இருந்தால், படுக்கையில் இருக்கும்போது அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டு உரிமையாளரிடம் பேசித்தர எங்களில் ஒருவரைக் கேளுங்கள், பேசுவோம். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தால், அதைப் பையில் மடித்து வைக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள். அதில் இருக்கும் தேதிக்கு முன் எங்களால் செய்யக்கூடியது நிறைய. அது கடந்துவிட்டால் காப்பகத்தில் ஒரு கட்டில் தேடுவதைத் தவிர அதிகம் மிஞ்சுவதில்லை.