பெரியம்மை அன்று, தோல் கழலை

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இரண்டு பசுக்களை வைத்துப் பால் ஊற்றும் பாட்டி ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அன்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்து, "மாடுகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படும்" என்று அறிவித்துவிட்டுப் போயிற்று. பாட்டி இடது கை ரவிக்கையை மேலே ஒதுக்கித் தோளைக் காட்டினார். பழைய எட்டணா அளவில் வட்டமாக, நடுவில் சுருங்கிய தழும்பு. "தம்பி, எனக்குச் சின்ன வயதில் குத்தியது இது. அந்த நோய்தான் உலகத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்களே, இப்போது மாட்டுக்கு எப்படி வந்தது? அம்மா இறங்கியிருந்தால் ஊசி குத்தலாமா?"

பாட்டி கேட்டதில் தவறே இல்லை. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். ஒழிந்த நோயின் பெயரைத் தூசி தட்டி எடுத்து மாட்டின் முதுகில் ஒட்டியவர் யார் என்றுதான் தெரியவில்லை. நாளிதழில் பார்க்கிறேன், சுவரொட்டியில் பார்க்கிறேன், இப்போது ஆட்டோவிலும் கேட்டாகிவிட்டது. இனி எழுதாமல் இருப்பது சரியில்லை.

மாட்டுக்கு வரும் அந்த நோயை முதலில் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'லம்பி ஸ்கின் டிசீஸ்'. 'லம்ப்' என்றால் கட்டி. பெயரில் அதற்கு மேல் ஒரு ரகசியமும் இல்லை. 1929இல் இன்றைய ஜாம்பியாவில் முதலில் கண்டார்கள். இந்தியாவுக்கு 2019இல் ஒடிசா வழியாக வந்தது. 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. காய்ச்சல், பால் வற்றுதல், பிறகு உடல் முழுவதும் உருண்டை உருண்டையாகக் கட்டிகள். கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை பரப்புகின்றன. மனிதருக்கு ஒட்டாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு கோபமும். மனிதருக்கு ஒட்டாத நோய்க்கு, மனிதரை மட்டுமே பிடித்த நோயின் பெயரை வைத்தால் என்ன ஆகும்? பாட்டியிடம் பால் வாங்கிக்கொண்டிருந்த மூன்று வீடுகள் மறுநாளே பாக்கெட் பாலுக்கு மாறின. அவருடைய மாடுகளுக்கு நோயே இல்லை, ஊசி போடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு மட்டும்தான்.

பெயருக்கு வக்காலத்து வாங்குபவர்கள் ஒன்று சொல்கிறார்கள்: இந்த வைரஸ் அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே அம்மை என்பது அறிவியல்படி சரி. பாதி உண்மை. குடும்பம் ஒன்றுதான், ஆனால் கிளை வேறு. பெரியம்மையும் மாட்டம்மையும் ஒரு கிளை. இது ஆட்டம்மையின் கிளை. இந்தியாவில் இதைத் தடுக்க முதலில் ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் போட்டார்கள். அறிவியல் பேசுகிறவர்கள் 'பெரிய' என்ற அடைமொழியை எங்கிருந்து பிடித்தார்கள்? மாடு பெரியது என்பதாலா?

அதைவிட முக்கியம், தமிழில் 'அம்மை' என்பது வைரஸ் குடும்பத்தின் பெயரே அன்று. உடம்பில் முத்துப்போட்டால் அம்மை, தடித்தால் அம்மை. சின்னம்மை வேறொரு குடும்பத்து வைரஸ், தட்டம்மை மூன்றாவது குடும்பம். தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு எது தெரியுமா? மாட்டு வெக்கை நோய், 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. குடும்பம் பார்த்துத்தான் பெயர் வைப்பது என்றால் தட்டம்மைக்கு 'மனித வெக்கை' என்று பெயர் வைக்க வேண்டும். வைப்பார்களா? அம்மை என்றவுடன் நம் வீடுகளில் வாசலில் வேப்பிலை ஏறும், வீட்டில் தாளிப்பு நின்றுபோகும். அது ஒரு நம்பிக்கையின் சொல். கொசுவையும் உண்ணியையும் விரட்ட வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தால், தொழுவத்தில் வேப்பிலை கட்டிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள்.

'கட்டித் தோல் நோய்' என்று எழுதுபவர்கள் உண்டு. ஆங்கிலத்தின் வரிசையை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். கட்டித் தயிர் என்றால் கட்டியான தயிர். கட்டித் தோல் என்றால் கட்டியான தோல். அது எருமைக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது, நோய் அன்று. இன்னும் சிலர் 'இலம்பி' என்கிறார்கள். லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்ற இலக்கணத்துக்குப் பணிந்து முன்னால் ஒரு இகரம் சேர்த்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் களவுக்கு நுழைந்ததுபோல் இருக்கிறது.

சரியான சொல் 'தோல் கழலை'. நான் உண்டாக்கியது அன்று. ஏற்கெனவே சிலர் எழுதிவருகிறார்கள், ஆனால் அடைப்புக்குள், பெரியம்மைக்குப் பின்னால், ஒட்டுத்திண்ணையில் உட்காரவைத்து. கழலை என்பது நம் தாத்தாக்கள் கழுத்திலும் முதுகிலும் எழும் உருண்டைக் கட்டிக்குச் சொன்ன சொல். கழல் என்னும் வினையடி: பிடி விட்டு நெகிழ்தல், கழன்று போதல். கொழுப்புக் கழலையைத் தொட்டால் விரலுக்கடியில் நழுவும். இங்கே ஒரு தடை எழுப்பலாம். மாட்டின் கட்டி நழுவாது, தோலோடு தோலாக இறுகியிருக்கும். உண்மைதான், அதனால்தான் 'தோல்' என்று முன்னால் சேர்ப்பது. அதோடு, நோய் முற்றினால் கட்டியின் நடுப்பகுதி செத்து, தக்கை மாதிரி தனியாகிக் கழன்று விழுந்து, தோலில் குழி விட்டுப்போகும். வினையடி இதைவிட எப்படிப் பொருந்த வேண்டும்? கழலை என்றால் புற்றுக்கட்டி என்று பயப்படுவார்களே என்பார் ஒரு நண்பர். பெரியம்மைக்குப் பயப்படுவதைவிட அது மேல்.

மொழிபெயர்ப்பாளர்களின் கவனக்குறைவு இந்த ஒரு நோயோடு நிற்கவில்லை. இதே நோய்க்கு 2022 ஆகஸ்டில் 'லம்பி-ப்ரோவேக்இண்ட்' என்ற தடுப்பூசியை அறிமுகப்படுத்தினார்கள். உருவாக்கியது ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு. குதிரைக்காக ஏற்பட்ட மையம் மாட்டுக்கு ஊசி செய்ததுதான் அந்தச் செய்தியின் சுவை. நான் படித்த தமிழ்ச் செய்தியில் அது 'குதிரைகள் மையம்' ஆகி, கழுதையும் கோவேறு கழுதையும் காணாமல் போயிருந்தன. 'கால் மற்றும் வாய் நோய்' இன்னொன்று. கோமாரி என்று சொன்னால் மாடு வைத்திருக்கும் எவருக்கும் புரியுமே! அந்த 'மற்றும்' எந்த மாட்டின் காலில் இருக்கிறது?

இத்தனைக்கும் நாம் இருப்பது வடசென்னை. மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. சொல் தெரியாவிட்டால் ஒரு பஸ் டிக்கெட் செலவில் கேட்டுவிட்டு வரலாம்.

பாட்டியிடம் தோல் கழலை என்று சொன்னேன். "கழலையா? என் மாமியாருக்குப் பிடரியில் எலுமிச்சம்பழம் போல இருந்ததே, அதுவா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றவர் இரண்டு மாடுகளுக்கும் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் அதே ஆட்டோ திரும்பவும் வந்தது. அறிவிப்பைத் திருத்தியிருந்தார்கள்: "பெரியம்மை மற்றும் லம்பி நோய்த் தடுப்பூசி." ஒரு நோய் இரண்டாகிவிட்டது. இன்னொரு ஊசியும் உண்டா என்று கேட்கப் பாட்டி தெருமுனைவரை ஆட்டோவின் பின்னால் ஓடினார்.