சிதைவது வேறு, மட்குவது வேறு

"பொறியியல் செய்யப்பட்ட நுண்ணுயிரிகள் மூலம் உயிரிச்சிதைவு நெகிழி." இந்த வகைத் தலைப்பை ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

'பயோடிகிரேடபிள் பிளாஸ்டிக்' என்பதைத்தான் 'உயிரிச்சிதைவு நெகிழி' என்று தமிழாக்குகிறார்கள். 'பயோடிகிரேடபிள்' என்ற சொல்லில் 'பயோ' கிரேக்கம், உயிர் என்று பொருள். 'டிகிரேட்' லத்தீன் வழி வந்தது, படி இறங்குவது. 'நெகிழி', நெகிழ் என்ற வினையடியிலிருந்து பிறந்த நல்ல சொல். அதில் சண்டையில்லை.

என் சண்டை 'சிதைவு' மீதுதான். சிதைவது என்றால் உருக்குலைந்து துண்டாவது. எங்கள் மொட்டை மாடியில் செடி வைத்திருந்த பிளாஸ்டிக் பை ஒன்று இரண்டு கோடை வெயிலில் காய்ந்தது. சென்ற வாரம் தூக்கினேன். அப்பளம்போல் நொறுங்கி, விரல் இடுக்கெல்லாம் கறுப்புச் செதிலாக ஒட்டிக்கொண்டது. அது சிதைந்துவிட்டது, ஐயமில்லை. ஆனால் மட்கவில்லை. ஒவ்வொரு செதிலும் இன்னும் பிளாஸ்டிக்தான். பக்கத்துத் தொட்டியில் போட்ட வாழையிலை எங்கே போனது என்றே தெரியவில்லை. இந்த வேறுபாட்டை அழிக்கும் சொல்லை எப்படி ஏற்பது? 'உயிரி' என்று முன்னால் ஒட்டினாலும் தீராது. உயிரி சிதைகிறதா, உயிரியால் சிதைகிறதா என்று படிப்பவர் குழம்புவார்.

மட்குவது என்றால் நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பது. அறிவியலும் இதைத்தான் சொல்கிறது. 1926-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமோயின் பாக்டீரியாவுக்குள் கண்டறிந்த பி.எச்.பி. என்ற இயற்கை நெகிழி, அந்த உயிரின் சேமிப்பு உணவு. கார்பன் மிகுந்து நைட்ரஜன் குறைந்தால், நாம் கொழுப்பு வைப்பதுபோல் அது மணிமணியாகச் சேர்த்து வைக்கிறது. குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற பாக்டீரியா தன் உலர் எடையில் 80 விழுக்காடு வரைகூடச் சேர்க்கும். உணவாக இருப்பதால்தான் மண்ணில் விழுந்ததும் மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. 1980-களின் இறுதியில் இதை உண்டாக்கும் மூன்று மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தினார்கள். சேர்த்ததைத் திரும்பத் தின்னும் நொதி ஈ.கோலையிடம் இல்லை, சேர்த்தது அப்படியே நமக்குக் கிடைக்கிறது.

சிலர் 'உயிரி நெகிழி' என்று எழுதி இன்னும் கெடுக்கிறார்கள். அது பிறப்பைச் சொல்லும் பெயர், முடிவைச் சொல்லாது. பிரேசிலில் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைச் செய்கிறார்கள். மூலம் பயிர்தான், ஆனாலும் மட்காது. பி.பி.ஏ.டி. என்ற நெகிழி பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, ஆனால் மட்கும். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்குபவர்தான் ஏமாறுவார்.

'மட்கும்' என்பது 'கம்போஸ்டபிள்' என்பதற்கு வேண்டும் என்பார்கள். அதற்கு 'எருவாகும்' இருக்கிறதே! 'மட்கு' பழஞ்சொல், ஒளி மங்குவதையும் ஈரத்தில் கிடந்து கெடுவதையும் குறித்தது. அதன் திரிபான 'மக்கு', 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று தெருத் தொட்டிகளில் எழுதியிருக்கிறது. குப்பை வாங்க வரும் பெண்மணிக்குப் புரியும் சொல், மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் ஏன் கூசுகிறது? அகராதியைத் திறப்பவர்கள் ஒருமுறை வாசல் குப்பைத் தொட்டியையும் பார்க்க வேண்டும்.

'பொறியியல் செய்யப்பட்ட' என்பதும் தமிழில்லை. பொறியியல் ஒரு துறை, செய்யும் வினையன்று. அந்தத் தலைப்பை நான் இப்படி எழுதுவேன்: "மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்து மட்கும் நெகிழி."