ஒரே நொடியில் இருபது பேர்

2014 செப்டம்பர் 11 காலை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் மேரி வட்டாரத்து மக்களின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: நச்சுப்புகை பரவுகிறது, ஜாக்கிரதை. அப்புறம் ட்விட்டரில், கொலம்பியன் கெமிக்கல்ஸ் ஆலை வெடித்துவிட்டது என்று பதிவுகள் வந்து குவிந்தன. சிஎன்என் முகப்பைப் போலவே ஒரு படம், யூடியூபில் ஒரு வீடியோ, விக்கிப்பீடியாவில்கூட ஒரு பக்கம். ஆலையில் ஒன்றுமே நடக்கவில்லை. (நம் ஊர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஆலை அது.) அந்தப் பொய்யின் தடம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சம்பளம் கொடுத்துப் பொய்க் கணக்குகளை நடத்திய ஒரு நிறுவனத்துக்குப் போவதை 2015-இல் பத்திரிகையாளர் ஏட்ரியன் சென் விரிவாக எழுதினார்.

அந்தப் பதிவுகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் படித்தால், பதறிப்போன யாரோ எழுதியது போலத்தான் இருக்கும். அதனால் ஆய்வாளர்கள் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எப்போது, யாரோடு சேர்ந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒரு செய்தியின் லிங்க்கை ஒருவர் டீக்கடையில் நின்றபடி பகிர்வார், இன்னொருவர் இரவுச் சாப்பாடு முடிந்து பகிர்வார். மனிதர்களின் பகிர்வு இப்படி மணிக்கணக்கில் சிதறிக் கிடக்கும். இரண்டு பேர் ஒரே லிங்க்கைச் சில நொடி இடைவெளியில் போட்டால் தற்செயல் என்று விடலாம். வேறு வேறு நாளில், வேறு வேறு பத்து லிங்க்குகளுக்கும் அதே இரண்டு பேர் அப்படியே வந்தால்? ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து, இப்படிச் சேர்ந்து வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். ஆயிரம் புள்ளிகள் உதிரியாகக் கிடக்க, ஒரு மூலையில் மட்டும் இருபது புள்ளிகள் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும்.

பொய்க் கணக்குகளை நடத்துபவர்கள் ஒரே படத்தில் லோகோவை மட்டும் மாற்றித் தப்பிக்கப் பார்ப்பார்கள். படத்தை 8-க்கு 8 என்று 64 கட்டமாகச் சுருக்கி, சராசரியைவிட வெளிச்சமான கட்டத்துக்கு 1, மற்றதற்கு 0 என்று கணினி குறித்துக்கொள்கிறது. லோகோ மாறினால் சில இலக்கம்தான் மாறும்; மற்றவை ஒத்துப்போவதால் அதே படம்தான் என்று தெரிந்துவிடும்.

இங்கே கவனம் வேண்டும். மாலை 6 மணிக்கு டேக் டிரெண்ட் செய்யும் நடிகரின் ரசிகர்களும் சேர்ந்தேதான் வருகிறார்கள். ஆனால் தாங்கள் யார் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. ஒரே கை இருபது முகமூடி போட்டுக்கொள்வதுதான் மோசடி. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் புகார் கொடுத்தால் உண்மையான மனிதர்களின் வாயை அடைத்துவிடுவோம்.

சந்தேகம் வந்தால் திட்டி மறுபகிர்வு செய்யாதீர்கள். அது பொய்க்கு இன்னும் பத்துக் கண்களைத் தேடித் தரும். அழிக்கப்படும் முன் லிங்க்கையும், தேதியும் நேரமும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். ஒற்றைப் பதிவைப் புகார் செய்தால், 'இது அவருடைய கருத்து' என்று புகாரைப் பார்க்கும் அட்மின் நகர்ந்துவிடலாம். இருபது லிங்க்குகளை நேரத்தோடு வரிசையாக எழுதி அனுப்புங்கள். 10:02:11, 10:02:13, 10:02:14 என்று கீழே கீழே வரும்போது அட்மின் கண்ணில் அது தானாகப் படும்.